இருமலை மறைத்த வீடுகள்

(வானொலியில் கிராம நேயர்களுக்காக நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ விதை நேர்த்தியைப் பற்றியோ பேசப் போவதில்லை. ஒரு வியாதியின் சரித்திரத்தைச் சொல்லப் போகிறேன். ஆனால் அது நம் நிலத்தோடும் வீட்டோடும் ஒட்டிய சரித்திரம்தான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பெரும்பாக்கத்திலிருந்து மேடவாக்கம், செம்பாக்கம், சேலையூர் வழியாகத் தாம்பரம் போனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வந்தால் தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று பலகை இருக்கிறது. சானடோரியம் என்றால் காசநோய்க்காரர்களை வைத்துப் பார்க்கிற இடம். சயரோகம், எலும்புருக்கி நோய், டி.பி. என்று நாம் பல பேரால் சொல்வதும் இதே நோயைத்தான். ஒரு ரயில் நிலையமே ஒரு வியாதியின் ஆஸ்பத்திரிப் பெயரைச் சுமந்து கொண்டு நிற்கிறது. ஆனால் அந்த வியாதி வந்த வீட்டில் மட்டும் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘அவருக்கு நெஞ்சு சரியில்லைங்க’ என்பார்கள். ‘சளிக்கட்டு, வேற ஒண்ணுமில்லே’ என்பார்கள். ஏன் அப்படி? அதிலேதான் இன்றைய பேச்சு முழுவதும் அடங்கியிருக்கிறது.

அந்தக் காலத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். குடியானவர் ஒருவருக்கு மாதக்கணக்கில் இருமல், மாலையானால் காய்ச்சல், உடம்பு துரும்பாக இளைக்கிறது, ஒரு நாள் சளியில் ரத்தம் தெரிகிறது. வீட்டார் என்ன செய்வார்கள்? திண்ணையில் ஒரு கட்டில், தனித் தட்டு, தனி டம்ளர். பிள்ளைகளைக் கிட்டே விட மாட்டார்கள். இது பரம்பரை நோய், அந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே ஓடுகிறது என்று ஊர் நம்பியது. பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்கவும் மாட்டார்கள். மருமகளுக்கு வந்து விட்டாலோ கேட்கவே வேண்டாம். ‘உங்க பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போங்க’ என்று தாய் வீட்டுக்குச் சேதி போய் விடும். ஆகையால் ஆணுக்கு வந்த இருமலைக் காட்டிலும் பெண்ணுக்கு வந்த இருமல் அதிகமாக மறைக்கப்பட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய டாக்டர் 1882-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி, இது ஒரு கிருமியால் வருகிற நோய், அந்தக் கிருமி இதுதான் என்று உலகத்துக்கு அறிவித்தார். பரம்பரைச் சாபம் என்ற பேச்சு அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ‘குடும்பத்து ரத்தம் கெட்டது’ என்பது போய், ‘கிட்டே போனால் ஒட்டிக் கொள்ளும்’ என்ற பயம் வந்து சேர்ந்தது. அந்தப் பயத்தில் பாதி நியாயம் உண்டு, பாதி தப்பு. இந்தக் கிருமி, நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் பரவுகிறது. தட்டாலும் டம்ளராலும் பரவுவதில்லை. தட்டைப் பிரித்து வைத்தவர்கள், காற்றோட்டமில்லாத ஒரே அறையில் எல்லோரும் படுத்துத் தூங்கினார்கள். காவல் போட்டது ஒரு வாசலில், திருடன் வந்தது இன்னொரு வாசலில்.

மருந்து இல்லாத காலம் அது. அதனால் மேல்நாட்டார் கண்ட வழி, நோயாளியை ஊரை விட்டுத் தள்ளி, நல்ல காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில், நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து மாதக்கணக்கில் வைத்துப் பார்ப்பது. அந்த வித்தையைக் கற்றவர் நம் தேசத்து டாக்டர் ஒருவர். டேவிட் சௌரி முத்து என்று பெயர். இங்கிலாந்தின் தென்மேற்கில் மெண்டிப் குன்றுகளில் அவரே ஒரு சானடோரியம் நடத்தினார். கணித மேதை ராமானுஜன் 1914-ல் சீமைக்குக் கப்பலேறியபோது அதே கப்பலில் போனவர் இந்த சௌரி முத்து. பிறகு ராமானுஜனுக்கு உடம்பு சரியில்லாமல் போய், காசநோய் என்று டாக்டர்கள் கருதியபோது, சில காலம் அவர் தங்கியிருந்ததும் இவருடைய சானடோரியத்தில்தான். (அது காசநோய்தானா, ஈரலில் வந்த வேறு நோயா என்று பிற்காலத்து டாக்டர்கள் சந்தேகம் கிளப்பியிருக்கிறார்கள். அது வேறு கதை.) ராமானுஜன் 1920-ல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். சேத்துப்பட்டு என்ற பெயரை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், திரும்பவும் அங்கே வருவோம்.

சௌரி முத்து தாயகம் திரும்பி, 1928-ல் தாம்பரத்தில் பச்சைமலைக்குப் பக்கத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். அப்போது அது ஆள் நடமாட்டம் குறைந்த காடு மேடு. 1937-ல் அதைச் சென்னை சர்க்கார் ஏற்றுக் கொண்டது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக நடக்கிறது.

நல்ல மனிதர் செய்த நல்ல காரியம்தான். ஆனால் ஒரு குடியானவனுடைய இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் சானடோரியத்தில் படுத்துக் கொள் என்றால் யார் ஏர் பிடிப்பது? ஏரித் தண்ணீருக்கு முறை வந்தால் யார் மடை திறப்பது? கூலிக்காரனாக இருந்தால் அவன் படுத்த அன்றைக்கே வீட்டில் அடுப்பு அணைந்து விடும். ஒரு தாய் ஒரு வருஷம் வீட்டை விட்டு இருக்க முடியுமா? அதுவும் போகட்டும், ‘சானடோரியம் போனவன்’ என்று பேர் வந்து விட்டால் திரும்பி வந்த பிறகும் அந்தப் பேர் போகாது. ஆகவே ஜனங்கள் கடைசி வரை மறைத்து, ஒன்றும் செய்ய முடியாத நிலையில் வண்டி கட்டிக் கொண்டு போனார்கள். போனவர்கள் அங்கே இறந்தார்கள். இறந்ததைப் பார்த்த ஊர், ‘அங்கே போனால் திரும்ப மாட்டான்’ என்றது. அடுத்தவன் இன்னும் இறுக்கமாக மறைத்தான். நோய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம், இரண்டும் ஒன்றுக்கொன்று தீனி போட்டு வளர்ந்தன.

பிறகு மருந்துகள் வந்தன. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும், பி.ஏ.எஸ். என்ற மருந்தும், 1952-ல் ஐசோனியாசிட் மாத்திரையும் வந்தன. நோய் குணமாகும் என்று முதல் தடவையாக நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. ஆனால் படுக்கைக்கு எங்கே போவது? 1955 முதல் 1958 வரை தேசம் முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதில் தெரிந்த விஷயம் பலரைத் திடுக்கிட வைத்தது. காசநோய் பட்டணத்து நோய், நெரிசலான சந்துகளின் நோய் என்று எண்ணியிருந்தார்கள். கிராமத்திலும் பட்டணத்துக்குச் சமமாகவே அது இருந்தது. நோயாளிகள் லட்சக்கணக்கில். அத்தனை பேருக்கும் கட்டில் போடுவதென்றால் இந்த தேசத்தால் முடிகிற காரியமா?

அப்போதுதான் சென்னையில் ஒரு துணிச்சலான கேள்வி எழுந்தது. கட்டிலே இல்லாமல், வீட்டிலேயே வைத்து இந்த நோயைக் குணப்படுத்த முடியுமா?

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஆரம்பமானது. சென்னை சர்க்கார், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கூட்டாக நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் தலைமை. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகள் 193 பேரை எடுத்துக் கொண்டார்கள். டாக்டரும் தேர்ந்தெடுக்காமல், நோயாளியும் தேர்ந்தெடுக்காமல், குலுக்கிப் போடுகிற மாதிரி ஒரு பாதியை சானடோரியத்துக்கும் மறு பாதியை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே வயலைப் பாத்தி பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கிற செயல்விளக்கத் திடல் மாதிரிதான்.

எந்தப் பாத்தி ஜெயிக்கும் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? சானடோரியக்காரருக்குப் படுக்கை ஓய்வு, நல்ல ஆகாரம், நர்சுகள் கவனிப்பு. வீட்டுக்காரருக்கோ ஒரே அறையில் குடும்பம் முழுக்க, அரைவயிற்றுச் சாப்பாடு, கொஞ்சம் தெம்பு வந்ததும் வேலை. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாக எடை கூடினார்கள், வீட்டில் இருந்தவர்கள் அந்த அளவு கூடவில்லை. ஆனால் நோய் அடங்கியதா என்று பார்த்தபோது, ஒரு வருஷ முடிவில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு அடங்கியிருந்தது. வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கு அடங்கியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். 1959-ல் இது வெளியானபோது உலகத்து டாக்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இதைவிடப் பெரிய சேதி ஒன்று உண்டு. வீட்டிலேயே நோயாளியை வைத்திருந்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஒட்டிக் கொள்ளாதா? அதையும் வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். சானடோரியத்துக்குப் போனவர் வீட்டாருக்கு வந்ததை விட, வீட்டில் சிகிச்சை பெற்றவர் வீட்டாருக்கு அதிகமாக வரவில்லை. காரணம் யோசித்தால் விளங்கும். நோய் இன்னதென்று தெரியாமல், மருந்தில்லாமல் இருமிக் கொண்டிருந்த மாதங்களில்தான் அது பரவுகிறது. சரியான மருந்து உள்ளே போக ஆரம்பித்ததும் சில வாரங்களில் பரவுவது பெரிதும் குறைந்து விடுகிறது. அப்படியானால் பிள்ளைகளுக்கு ஆபத்தாக இருந்தது எது? திண்ணைக் கட்டிலில் மருந்து சாப்பிட்டவரா, உள்ளே ‘அடுப்புப் புகை’ என்று சொல்லி இருமிக் கொண்டிருந்தவரா? நீங்களே சொல்லுங்கள்.

இந்தச் சோதனையை நோயாளிகளின் வீட்டுக்குள் போய்ப் பார்த்துத்தான் நடத்த முடிந்தது. வாராவாரம் மையத்துக்கு வந்து மருந்து வாங்க வேண்டும். பி.ஏ.எஸ். மருந்து வயிற்றைப் புரட்டுகிற மருந்து, அதையும் நிறையச் சாப்பிட வேண்டும். உடம்பு தேறியதும் பலர் தூக்கிப் போட்டு விட்டு, ‘சாப்பிட்டேங்க’ என்று சொல்வார்கள். அதனால் மையத்தார் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். இதில் நோயாளியைக் குற்றம் சொல்ல வேண்டாம். இருமல் நின்று, பசி எடுத்து, வேலைக்குப் போகத் தெம்பும் வந்த பிறகு, ‘இன்னும் பத்து மாசம் சாப்பிடு’ என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? நம் வயலில் கோரையை மேலாக அறுத்து விட்டால் இரண்டு வாரம் வயல் சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு அடியிலே இருக்கிறது. இந்த நோயும் கோரைக் கிழங்கு ஜாதி. பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்கே அடங்காத கிருமியாகக் கிளம்பும். மருந்தை ஒருவர் முன்னிலையில் விழுங்கச் செய்கிற முறை உலகம் முழுக்கப் பரவியதற்கு, இந்தச் சேத்துப்பட்டு அனுபவமும் ஒரு வேர்.

சரி, கிராமத்து ஜனங்கள் அறியாமையால்தான் டாக்டரிடம் போகவில்லை என்று படித்தவர்கள் சொல்வது வழக்கம். நானும் மேலே ‘மறைத்தார்கள், மறைத்தார்கள்’ என்று சொல்லிக் கொண்டே வந்தேன். அது முழு உண்மையா? பெங்களூரில் 1959-ல் தேசிய காசநோய் நிலையம் ஏற்பட்டது. அங்கே இருந்த தேபாபர் பானர்ஜி என்ற டாக்டரும், ஸ்டிக் ஆண்டர்சன் என்பவரும் தும்கூர் ஜில்லாக் கிராமங்களில் போய், சளியில் கிருமி இருந்த ஆட்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். 1963-ல் அந்த ஆராய்ச்சி வெளியானது. அநேகமாக எல்லோருக்கும் தங்கள் உடம்பில் ஏதோ கெட்டிருக்கிறது என்று தெரிந்திருந்தது. பெரும்பாலோர் கவலைப்பட்டார்கள். பாதிப் பேர் தாங்களாகவே ஆஸ்பத்திரி தேடிப் போயிருந்தார்கள்! போனவர்களுக்குக் கிடைத்தது என்ன? ஒரு பாட்டில் இருமல் மருந்து. சளியைச் சோதிக்கவில்லை, நெஞ்சைப் படம் எடுக்கவில்லை. சிவப்புத் தண்ணீரைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள்.

ஆகவே மறைத்தது உண்மை, தேடிப் போனதும் உண்மை. தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பியவன் அடுத்த தடவை ஏன் போகப் போகிறான்? ஊர் ஒரு நோயாளியைப் பார்த்த பார்வையும் தப்பு, ஆஸ்பத்திரி ஒரு கிராமவாசியைப் பார்த்த பார்வையும் தப்பு. 1962-ல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம், இருமலோடு வருகிறவனைப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே சோதிக்க வேண்டும் என்று வகுத்ததற்கு இந்த ஆராய்ச்சி பெரிய ஆதாரம்.

நம் செங்கல்பட்டு ஜில்லாவுக்கும் இதில் ஒரு அத்தியாயம் உண்டு. பெரும்பாக்கம் அப்போது அந்த ஜில்லாவில்தான் சேர்ந்திருந்தது. பி.சி.ஜி. என்ற தடுப்பு ஊசி உங்களுக்குத் தெரியும், இடது தோளில் தழும்பு இருக்கும். கிண்டியில் 1948-ல் அந்த மருந்தைத் தயாரிக்கும் கூடம் ஏற்பட்டது. ஊர் ஊராகப் போய்ப் போட்டார்கள். 1955-ல் ராஜாஜி இதைப் பலமாக எதிர்த்து எழுதினார், துண்டுப் பிரசுரமே போட்டார். ஆரோக்கியமான குழந்தைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியைக் கூட்டம் கூட்டமாகச் செலுத்துவதா என்பது அவர் கட்சி. மத்திய சுகாதார மந்திரி ராஜகுமாரி அமிருத கௌர் ஊசியின் பக்கம். படித்தவர்களுக்குள்ளேயே இப்படி இரண்டு கட்சி!

வாதத்தை நிலத்தில்தான் தீர்க்க வேண்டியிருந்தது. 1968 முதல் 1971 வரை, திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் உலகத்திலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை நடந்தது. ஏறத்தாழ 2,60,000 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள், ஒரு பகுதியினருக்கு நிஜ மருந்து, ஒரு பகுதியினருக்கு வெறும் மருந்து. ஏழரை வருஷப் பலனை 1979-ல் வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு நுரையீரலில் வருகிற காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. பதினைந்து வருஷம் பார்த்தும் அதே பலன்தான். வேறு நாடுகளில் பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? நம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற இதே ஜாதிக் கிருமிகள் சிறு வயதிலேயே உடம்பில் புகுந்து பழகி விடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதற்காக ‘ராஜாஜி சொன்னது சரி, ஊசியே வேண்டாம்’ என்று முடிவு கட்டி விடாதீர்கள். பச்சைக் குழந்தைகளுக்கு மூளையில் தாக்குகிற கொடிய காசநோயை இந்த ஊசி தடுக்கிறது. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள். அவசியம் போட்டுக் கொள்ளுங்கள்.

தாம்பரத்துக்குத் திரும்புவோம். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் முயற்சியால் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன் முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது. பழைய திண்ணைக் கட்டில் கதை அச்சுப் பிசகாமல் மறுபடி நடந்தது. தனித் தட்டு, தனி டம்ளர், மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது எல்லாமே. அந்த நோயாளிகளுக்குக் காசநோய் எளிதில் தொற்றும் என்பதால் அவர்கள் வந்து சேர்ந்த இடம் பெரும்பாலும் தாம்பரம் சானடோரியம். ஒரு நோய்க்காக ஊரை விட்டுத் தள்ளி வைக்கப்பட்ட ஆஸ்பத்திரி, இன்னொரு நோய்க்காக ஊர் தள்ளியவர்களை 1990-களில் உள்ளே சேர்த்துக் கொண்டது. 2004-ல் எச்.ஐ.வி.க்கு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கிய முதல் சில அரசு ஆஸ்பத்திரிகளில் இதுவும் ஒன்று.

இப்போது சாப்பாட்டு விஷயம். சென்னைச் சோதனையைக் காட்டி, ‘மருந்து போதும், ஆகாரம் முக்கியமில்லை’ என்று நெடுங்காலம் பேசினார்கள். எனக்கு அது எப்போதும் உறுத்தல்தான். வந்த நோயைக் கொல்ல மருந்து போதும் என்பது வேறு, அரைவயிற்றுக்காரனுக்கு நோய் வராமல் இருக்குமா என்பது வேறு. 2019-ல் ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஆரம்பித்த ஒரு சோதனையில், நோயாளியின் வீட்டாருக்கு அரிசி, பருப்பு முதலிய உணவுப் பொருள்களை மாதாமாதம் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீட்டாருக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ நூற்றுக்கு 40 குறைந்தது. 2023-ல் இது வெளியானது. இதிலும் பங்கு கொண்டது சேத்துப்பட்டு நிலையம்தான், இப்போது அதற்குத் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர். பருப்பு விளைவிக்கிற உங்களுக்கு இது ஒரு மருந்துத் தொழிற்சாலை வைத்திருக்கிற மாதிரி.

உலகத்துக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இன்னும் நம் தேசத்தில்தான் இருக்கிறார். பெரும்பாக்கத்தில் இன்று நெல் வயல் இருந்த பக்கமெல்லாம் அடுக்கு மாடிகள். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சின்னச் சின்ன வீடுகளில் குடியிருக்கிறார்கள். வயலில் வேலை செய்தவனும் பட்டணத்தில் மூட்டை தூக்கியவனும் ஒரே படிக்கட்டில் ஏறுகிறார்கள். அங்கேயும் சரி, உங்கள் ஊரிலும் சரி, இரண்டு வாரத்துக்கு மேல் யாராவது இருமினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், செலவில்லை. ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுப்பதில் தப்பில்லை, இருமலுக்கு இதமாக இருக்கும், ஆனால் அந்தக் கிருமியைக் கொல்லாது. சாதாரணமான நோய்க்கு ஆறு மாத மருந்து, அதுவும் இலவசம். சாப்பாட்டுக்கென்று சர்க்கார் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது, 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆனது. வங்கிக் கணக்கில் வரும், கேட்டு வாங்குங்கள். இருமல் மருந்துப் பாட்டிலை மட்டும் கொடுத்து அனுப்பினால், ‘ஐயா, சளியைச் சோதித்தீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தும்கூர்க்காரர்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது.

மருந்து சாப்பிடுகிறவருக்கு வீட்டிலே அதே தட்டில் சோறு போடலாம். காற்று வருகிற இடத்தில் படுக்கச் சொல்லுங்கள், இருமும்போது துண்டால் வாயை மூடிக் கொள்ளச் சொல்லுங்கள். அம்மா, குறிப்பாக உங்களுக்குச் சொல்கிறேன். அடுப்புப் புகை என்று உங்கள் மருமகள் சொன்னால், அடுப்பு அணைந்த பிறகும் இருமுகிறாளா என்று பாருங்கள்.

போன வாரம் அந்தச் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினேன். காலை நேரம், கூட்டம் நெரித்தது. பெரும்பாலோர் பக்கத்து ஏற்றுமதித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற பெண்கள். சித்த மருத்துவ நிலையத்துக்கு வந்த வயதானவர்கள் சிலர். ஒரு சின்னப் பெண் போனில் சத்தமாகச் சொல்லிக் கொண்டு போனாள்: ‘அம்மா, நான் சானடோரியம் வந்துட்டேன்.’ யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.